பிணத்தின் பக்கத்தில் இருந்த அம்மா

சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒரு சிறிய மண்டபத்தில் எங்கள் படத்தைத் திரும்பவும் போட்டுக் காட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்து பார்த்தேன். படம் முடிந்து விளக்குப் போட்டதும் கலந்துரையாடல் என்றார்கள். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் படம் எடுக்கப் பழகுகிற பிள்ளைகள். அவர்கள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். படத்தின் நடுவில், சாப்பாட்டறைக் காட்சியில், சோபாவில் கிடக்கும் பிணத்தின் பக்கத்தில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதற்கு முன்னும் வருவதில்லை, பின்னும் வருவதில்லை. அவர் யார்?

ஒரு பிள்ளை, அது யமன் என்றாள். இன்னொருவர் மனச்சாட்சி என்றார். கண்ணாடி போட்ட ஒரு தம்பி எழுந்து, அந்த அம்மாதான் இந்த நாடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், அதற்குக் கைதட்டினார்கள். படத்தின் டிரக்டர் இப்போது வெளிநாட்டில். மேடையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் மைக்கைப் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. வெளியே வந்தபோது இரண்டு பிள்ளைகள் என்னை அடையாளம் கண்டு, தெரிந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறான் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

என் பெயர் ராசையா. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மீசை முளைக்கும் முன்னே கொழும்புக்கு வந்தவன். புறக்கோட்டையில் மூட்டை இறக்கினேன். ஹெந்தளையில் மீன் வாடியில் ஐஸ் உடைத்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சலூனில் முடி கூட்டினேன். ஒரு சர்க்கஸ் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனேன். கூடாரம் காற்றில் கிழிந்ததும் திரும்பிவிட்டேன். ஒரு இடத்திலும் கால் தரிக்கவில்லை. படுக்க இடம் இல்லாத நாட்களில் நிற்கும் லொறிக்குள் படுத்தேன். அதைப் பெரிய கஷ்டமாகச் சொல்ல ஒன்றுமில்லை, லொறிக்குள் மழை வராது. பழைய தளபாடம் வாடகைக்கு விடும் கடையில் இருந்த காலத்தில் ஒரு படப்பிடிப்புக்கு அலுமாரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். இறக்கி வைத்ததும் கொஞ்சம் இடப்பக்கம் என்றார்கள். பிறகு கொஞ்சம் வலப்பக்கம் என்றார்கள். நாள் முழுக்க அந்த அலுமாரியை நகர்த்தினேன். மாலையில், நாளைக்கும் வா என்றார்கள். அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. நான் நிலைத்து நின்ற ஒரே வேலை அதுதான். ஒவ்வொரு படமும் வேறு ஊர், வேறு வீடு என்பதால் நின்றதாகவும் தெரியவில்லை.

என் வேலைக்குப் புரொப்ஸ் என்று பெயர். நடிகர் கையால் தொடும் பொருள் எல்லாம் என் பொறுப்பு. கத்தி, கடிதம், தேநீர்க் கோப்பை, துப்பாக்கி. சிறிய யூனிட்களில் இரத்தமும் என் பொறுப்புத்தான்.

இரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இப்போது கம்பியூட்டரில் பூசுகிறார்கள். நாங்கள் காய்ச்சினோம். இரண்டு விதம். ஒன்று வாய் இரத்தம். சீனியைப் பாணியாகக் காய்ச்சி, கேக்குக்குப் போடும் சிவப்புக் கலரும் கொஞ்சம் கோப்பித் தூளும் சேர்ப்போம். கோப்பி போடாவிட்டால் அது சர்பத் மாதிரித்தான் இருக்கும். நடிகரின் வாய்க்குள் போகிற சாமான் என்பதால் தின்னக்கூடியதாக இருக்கவேண்டும். மற்றது துணி இரத்தம். அதில் கோப்பை கழுவும் திரவம் கலந்திருக்கும், அப்போதுதான் சட்டையிலிருந்து கறை போகும். இரண்டும் ஒரே நிறம். மாறிப் போகாமலிருக்க வாய் இரத்தப் போத்தலின் கழுத்தில் ஒரு ரப்பர் பட்டி போட்டு வைப்பேன்.

பிணங்களுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட் சொன்னதும் பிணமாகக் கிடந்தவர் கண்ணைத் திறந்து கமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுத்த பிறகுதான் கமராவை நிறுத்துவார்கள். சிரிக்காமல் எழும்பினால் அந்த ஆளுக்குக் கூடாது என்பார்கள். சென்னையிலிருந்து வந்த மேக்கப்காரர்கள் கொண்டுவந்தது என்று கேள்வி. எத்தனையோ பேர் செத்துச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். சிலருக்குச் சிரிப்பு வராது. நான் போய் உள்ளங்காலைச் சுரண்டுவேன்.

இந்தப் படத்தின் டிரக்டர் நிரூபன் முதல் நாளே அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்.

நிரூபன் லண்டனில் படம் எடுக்கப் படித்துவிட்டு வந்தவர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், கழுத்தில் எந்நேரமும் வியர்வை துடைக்க ஒரு சின்னத் துவாய். நான் வேலை செய்த டிரக்டர்கள் எல்லாரும் கத்தினார்கள். இவர் கத்தியதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும், பக்கத்தில் போய்க் குனிந்து கேட்கவேண்டும். காலையில் வந்ததும் லைட் பிடிப்பவர் முதல் தேநீர் ஊற்றுபவர் வரை எல்லாருக்கும் கை கொடுப்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும்.

படத்தின் கதை இதுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு பெரிய வீடு. புறக்கோட்டையில் வியாபாரம் செய்து சேர்த்த ஒரு பெரியவர், அவருடைய பிள்ளைகள், மருமக்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் குடும்பம் கூடி ஒரு ஆட்டம் ஆடும். சீட்டு எடுப்பார்கள். இஸ்பேட் ராணி யாருக்கு வருகிறதோ அவர் கொலைகாரர். அவர் மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒருவருக்குக் கண்ணடித்தால், அந்த ஆள் செத்து விழவேண்டும். யார் கொன்றது என்று மிச்சப்பேர் கண்டுபிடிக்கவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பெரியவர் உண்மையாகவே செத்துவிடுகிறார். ஒத்துக்கொண்டால் சொத்துச் சண்டை தொடங்கும். அதனால் "அப்பா இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு பிணத்தைச் சுற்றியிருந்து சாப்பிடுகிறார்கள், சீட்டுப் போடுகிறார்கள், பிறகு ஒருவரையொருவர் உண்மையாகவே கொல்லத் தொடங்குகிறார்கள். பார்ப்பவர்கள் முதலில் சிரிக்கவேண்டும், பிறகு சிரித்ததற்காகக் கூசவேண்டும் என்றார் நிரூபன்.

அவர் வேலை வாங்கும் முறையும் ஒரு ஆட்டம்தான். காலையில் நடிகர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் காதுக்குள் ஒரு விஷயம் சொல்லுவார். மருமகளிடம் இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பிணத்தின் நெஞ்சில் வை என்பார். மூத்த மகனிடம் நடுவில் தும்மத் தொடங்கு என்பார். யாருக்கு என்ன சொன்னார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. என்ன நடந்தாலும் அதை ஆட்டத்துக்குள் எடுத்துக்கொண்டு தொடரவேண்டும். "ஆட்டத்தை விடாதேங்கோ" என்பதுதான் அவருடைய ஒரே கட்டளை. கட் சொல்வதும் அபூர்வம். கமரா ஓடிக்கொண்டே இருக்கும். அவர் மொனிட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் இருந்து, சிரிப்பு வந்தால் சத்தம் பதிந்துவிடாமல் துவாயை வாய்க்குள் அடைத்துக்கொள்வார். பிணம் சிரிப்பதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் மனநிலையைக் கெடுக்கும் என்று எனக்கு அன்பாக விளங்கப்படுத்தினார். நான் சரி என்றேன்.

பெரியவராக, அதாவது பிணமாக நடித்தவர் சிவபாதம் ஐயா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெள்ளவத்தையில் இருந்தார். வாழ்நாள் முழுக்க மேடை நாடகங்களில் தூதுவனாகவும் காவலனாகவும் வந்து போனவர். "முதல் முதலாக் கதாநாயகன் வேஷம் கிடைச்சிருக்கு, ராசு. அதிலையும் வசனம் இல்லை" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்த வேலையை அவர் செய்த விதம் சாதாரணமானதல்ல. மூச்சை மேல்வயிற்றுக்குள் மட்டும் எடுப்பார். சட்டைப் பொத்தான் அசையாது. வாயோரத்தில் நான் வைத்த இரத்தம் சீனி என்பதால் ஒருநாள் எறும்பு வந்துவிட்டது. கன்னத்தில் ஏறி மூக்குக்குள் போகப் பார்த்தது. மனிதர் இமை அசைக்கவில்லை. அன்றைக்கு யூனிட் முழுக்க அவரைப் பாராட்டும் என்று நினைத்தேன். எறும்பு மொனிட்டரில் தெரியவில்லை என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் கன்னம் வீங்கி வீட்டுக்குப் போனார்.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. காலையில் ஊசி போடுவார். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். காலைத் தேநீரோடு நான் இரண்டு மேரி பிஸ்கட் கொடுப்பேன். மத்தியானம் அவருடைய மனைவி வெள்ளவத்தையிலிருந்து சாப்பாட்டுக் கரியரோடு வருவார். அவர் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். சாப்பிட்டு முடியும் வரை பக்கத்தில் இருந்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார். படப்பிடிப்பை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. "இவர் செத்துக்கிடக்கிறதை நான் ஏன் பாக்கவேணும்" என்பார்.

அந்த நாள் சாப்பாட்டறைக் காட்சி. லைட் போடுவதற்கு மட்டும் காலை முழுக்கத் தேவைப்பட்டது. ஐயாவைச் சோபாவில் கிடத்தி, வேட்டி மடிப்பு, கை, தலை எல்லாம் சரிசெய்து விட்டார்கள். இனி எழும்பினால் மடிப்பு மாறிவிடும் என்று நிரூபன் அவரை அப்படியே இருக்கச் சொன்னார். தேநீர் வந்தது. நான் பிஸ்கட்டோடு போனேன்.

"செத்த ஆள் பிஸ்கட் சாப்பிடுமோ, ராசண்ணை?" என்றார் நிரூபன்.

எல்லாரும் சிரித்தோம். ஐயாவும் கண்ணைத் திறக்காமல் சிரித்தார், வயிறு குலுங்கியது.

"படைச்சு வை, ராசு. ஆறுதலா வந்து சாப்பிடுறன்" என்றார்.

பிஸ்கட்டைச் சாசரில் வைத்துச் சோபாவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஷொட் தொடங்கும் முன் மேக்கப் செய்யும் சந்தியா அவருடைய முகத்தைத் துடைக்க வந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பாள். ஒருமுறை துடைத்துப் பவுடர் போட்டுவிட்டுத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தால் மறுபடியும் வியர்வை. "அனே அங்கிள், செத்த ஆளுக்கு வேர்க்காது" என்று செல்லமாகக் கோபித்தாள். அதற்கு ஐயா, பஸ் பாலத்தடிக்கு வந்துவிட்டதா என்று கேட்டார். சந்தியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையில் டிரக்டர் அவர் காதில் சொன்னது இதுதான் என்று அவள் நினைத்தாள். பக்கத்தில் நின்ற நானும் அப்படித்தான் நினைத்தேன். டிரக்டர் அன்று அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நிரூபன் மொனிட்டரடியில் இருந்து அதைக் கேட்டு, மனிதர் தானாகவே விளையாடத் தொடங்கிவிட்டார் என்று மகிழ்ந்தார்.

கமரா ஓடத் தொடங்கியது. நான் சோபாவுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில், இரண்டு போத்தல்களோடு குந்தியிருந்தேன். லைட் சூட்டில் இரத்தம் காய்ந்துவிடும், இடையில் ஈரப்படுத்த வேண்டும். குடும்பம் சாப்பிடுகிறது. சொத்துப் பேச்சு வருகிறது. மூத்த மகனாக நடித்தவர் ரியாஸ், கொம்பனித்தெருக்காரர், நல்ல கெட்டிக்காரர். அவர் உயில் என்ற சொல்லைச் சொன்னதும் பிணத்தின் விரல்கள் நடுங்கத் தொடங்கின.

ரியாஸ் ஒரு கணம் பார்த்தார். ஆட்டத்தை விடவில்லை.

"அப்பா, கையை ஆட்டினா அவுட்" என்றார்.

மொனிட்டர் பக்கமிருந்து மூச்சுப் பிடித்துச் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்ததாக அந்தக் கை சோபாவிலிருந்து வழுக்கி விழுந்து கீழே இருந்த சோற்றுத் தட்டில் அடித்தது. சோறு தெறித்தது. மருமகள் ஒரு பருக்கையைத் தன் கன்னத்திலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தாள். அதன் பிறகு ஐயாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, கரகரவென்று.

"செத்தும் குறட்டையை விடேல்லை" என்றாள் மருமகள்.

நான் சோபாவுக்குப் பின்னால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். லைட்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தார். நிரூபன் துவாயைக் கடித்துக்கொண்டு கண்ணீர் வழிய இருந்தாராம். இத்தனை நாள் படப்பிடிப்பில் ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை.

டீச்சர் சாப்பாட்டோடு வந்தது அப்போதுதான். சத்தம் போடக்கூடாது என்று சொல்லி வாசலில் நின்றவர் அவரை உள்ளே விட்டிருக்கிறார். போக வேறு வழியில்லாததால் மொனிட்டருக்குப் பின்னால் நின்றார். எல்லாரும் குலுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். இதைச் சந்தியா பிறகு சொன்னாள். நான் கேட்டது அவருடைய குரலைத்தான். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கிற குரல்.

"அது குறட்டை இல்லை."

கரியரைக் கீழே வைத்துவிட்டு நேரே லைட்டுக்குள் வந்தார். கமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஐயாவின் கன்னத்தில் தட்டினார். "இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டார். ஐயாவின் கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. டீச்சர் திரும்பி, சீனி கொண்டுவாங்கோ என்றார்.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். மேசையில் இருந்த ஒருவரும் எழும்பவில்லை. டீச்சரையும் டிரக்டர்தான் காதில் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார்கள். மருமகள் ரசத்தை ஊற்றினாள். ரியாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, மிக மரியாதையாகச் சொன்னார்:

"இருங்க மாமி. அப்பா ஆட்டத்துல இருக்கிறார்."

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையை நான் பின்னாலிருந்ததால் பார்க்கவில்லை. ரியாஸின் முகத்தைத்தான் பார்த்தேன். அதிலிருந்த சிரிப்பு ஒவ்வொரு துண்டாகக் கழன்றது. அவர் எழும்பினார், உட்கார்ந்திருந்த கதிரை விழுந்தது. அப்போதும் ஒருவர் அதையும் ஆட்டமென்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

டீச்சர் சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து என்னைக் கண்டார்.

"அது என்ன போத்தல்?"

"ரத்தம்ங்க, டீச்சர். சீனிப் பாணிதான்."

"சாப்பிடலாமோ?"

"ஒன்னு சாப்பிடலாம்ங்க. மத்தது சவர்க்காரம்."

சொல்லிக்கொண்டே கையைப் பார்த்தேன். இரண்டு போத்தலிலும் ரப்பர் பட்டி இல்லை. லைட் சூட்டில் அறுந்து எங்கோ விழுந்திருந்தது. இரண்டும் ஒரே சிவப்பு. மணந்து பார்த்தேன், கோப்பி மணம் இரண்டிலும் இருப்பது போல இருந்தது. பயத்தில் மூக்கு வேலை செய்யாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றை நாக்கில் விட்டேன். கசந்தது. மற்றதைக் கொடுத்தேன்.

அவர் விரலால் தொட்டுத் தொட்டு ஐயாவின் கன்னத்துக்கு உட்பக்கமாகத் தேய்த்தார். மறுகையால் தாடையைப் பிடித்துத் தலையைச் சரித்து வைத்திருந்தார். அவருடைய முழங்கை வரை சிவப்பு. சேலையெல்லாம் சிவப்பு. லைட் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு ஒரு பெண் ஒரு மனிதனைக் கிழித்துக்கொண்டிருப்பது போலத்தான் தெரிந்திருக்கும். ஒருவரும் கட் சொல்லவில்லை. நிரூபன் ஸ்டூலை விட்டு எழும்பி, துவாய் வாயில் இருந்தபடியே நின்றார்.

உண்மைப் பிணங்கள் எனக்குப் புதிதல்ல. மீன் வாடியில் இருந்தபோது கரையொதுங்கியவர்களைத் தூக்கியிருக்கிறேன். இது அப்படியல்ல. ஒரு ஆள் சாகத் தொடங்கிய நேரம் முழுக்க நாங்கள் இத்தனைபேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு லைட் போட்டு, அவ்வளவு கிட்டக் கமரா வைத்து.

கொஞ்ச நேரத்தில் ஐயாவின் தொண்டை அசைந்தது. பிறகு கண் ஒரு இடத்தில் நின்றது. மனைவியைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், திரும்ப மனைவியைப் பார்த்தார். வாய் முழுக்கச் சிவப்பு.

"நீர் ஏன் கமராவுக்குள்ளை வந்தனீர்?" என்றார்.

யூனிட் முழுக்க வெடித்துச் சிரித்தது. சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். டீச்சர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

"சிரிச்சு முடிஞ்சுதோ? அந்தக் கரியரை எடுத்துத் தாங்கோ."

அந்தச் சிவப்புக் கையாலேயே சோற்றைப் பிசைந்து ஊட்டினார். நாங்கள் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினோம். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் தாதி இருவரையும் பார்த்து அலறிவிட்டாள்; இரத்தம் இல்லை, பாணி என்று நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளைத் திருப்பியிருக்க ஏலாது என்று டாக்டர் சொன்னார்.

ஒரு வாரம் போய் நிரூபன் என்னைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் மாடி வீடு. ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும். அவர் அப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே கேட்டார், குரல் கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பிறகு மடிக்கணினியை மேசையில் வைத்தார். அந்த ஷொட்டைப் படத்தில் சேர்க்கலாமா என்று கேட்க வந்திருந்தார். அனுமதி இல்லாமல் தொடமாட்டேன் என்றார். ஆனால் அது போன்ற ஒன்று தன் வாழ்நாளில் திரும்பக் கிடைக்காது என்றும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதற்காகப் போகிறோம் என்று வழியில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அதை அழிச்சுப்போடும். இப்ப, எனக்கு முன்னாலை" என்றார் டீச்சர்.

"பொறும்" என்றார் ஐயா. "நான் ஒருக்காப் பாக்கிறன்."

முழுவதையும் பார்த்தார். கை நடுங்கியது, தட்டில் விழுந்தது, அந்தச் சத்தம், எல்லாம். கடைசியில், சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டியபோது, பொத்திய வாய்களுக்குள்ளிருந்து கசிந்த சிரிப்பும் கேட்டது. அதைத் திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டார்.

"இது நடிப்பெண்டு நினைச்சுத்தானே சிரிச்சனியள்?"

"ஓம் ஐயா. சத்தியமா."

"அப்ப அதுக்கு முந்தி அத்தனை நாள் நடிச்சனான். ஒருத்தரும் ஏன் சிரிக்கேல்லை?"

நிரூபன் என்னைப் பார்த்தார். நான் அவர் கொண்டுவந்த அப்பிளைப் பார்த்தேன். ரயில் ஒன்று போனது.

ஐயா கதிரையில் நிமிர்ந்தார். அந்த ஷொட்டைத் தான் திரும்பச் செய்வதாகச் சொன்னார். டீச்சர், உங்களுக்கு விசரோ, பைத்தியமோ என்றார். இருவரும் எங்களுக்கு முன்னாலேயே வாக்குவாதப்பட்டார்கள். கடைசியில் ஐயா டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நான் செத்தது நல்லா இருக்கு, நடிச்சது நல்லா இல்லை எண்டு என்னாலை போகேலாது, மங்கை."

டீச்சர் நிரூபன் பக்கம் திரும்பினார். முதலில் அழிக்கவேண்டும் என்றார். அடுத்தது, எடுக்கும்போது தான் பக்கத்தில் இருந்து அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்றார். நிரூபன் தயங்கி, அப்படி இருந்தால் படத்தில் தெரிவீர்களே என்றார்.

"தெரியட்டும்."

நிரூபன் அழித்தார். அதற்கு அவருடைய விரல் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு இடங்களில் இருந்த பிரதிகளையும் அழித்ததாகப் பிறகு சொன்னார். நம்புகிறேன்.

பிள்ளைகள் கேட்ட அம்மா யார் என்பதற்கு இதுதான் பதில். அவர் யமனும் இல்லை, நாடும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தோம். ஐயா முதலில் வயிறு நிறையச் சாப்பிட்டார். டீச்சர் ஊசியையும் நேரத்தையும் தானே பார்த்தார். பிறகு சோபாவின் தலைமாட்டில் ஒரு கதிரையில் இருந்து, அவருடைய மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டார். கமரா ஓடியது.

ஐயா நடித்தார். அந்த வியர்வை தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். விரல் நடுக்கம் ஒரு விரலில் தொடங்கி மற்றதுக்குப் போனது. கை கனத்து, தயங்கி, தட்டில் விழுந்தது. தொண்டையிலிருந்து அதே சத்தம். மேசையில் எல்லாரும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். ரியாஸுக்குத் தன் வசனம் வரவில்லை. மூன்று தரம் வாயைத் திறந்து மூன்றாம் தரம் சொன்னார், கண் நிறைந்திருந்தது. படத்தில் இருப்பது அதுதான். பத்திரிகைகளில் ரியாஸின் நடிப்பைப் பாராட்டி எழுதினார்கள். சந்தியா வெளியே போய்விட்டாள். லைட்காரர் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை, பிணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தியேட்டரில் அந்த இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எடுத்த அன்று ஒரு ஆள் சிரிக்கவில்லை.

பிறகு தொண்டைச் சத்தம் நின்றது. ஐயா அசையாமல் கிடந்தார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் கிடந்தார். நான் டீச்சரின் முதுகைத்தான் பார்த்தேன், அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. விரல் மணிக்கட்டில் இருந்தது.

நிரூபன் ஸ்டூலை விட்டு எழும்பினார். லைட்டுக்குள் ஒரு காலை வைத்தார்.

"ஐயா?"

மற்றக் காலையும் வைத்தார்.

"ஐயா, இருக்கிறீங்களோ?"

பிணம் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"கட் சொல்லிப்போட்டுக் கேளும்."

நிரூபன் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கமராக்காரர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் எங்களைச் சுற்றிப் பார்த்தார். டீச்சர்தான், பிடித்த கையை விடாமல், "கட்" என்றார்.